கணவாயும் தேயிலையும்

அமைதிப் பள்ளத்தாக்கில் திரியும் சோலைமந்தி ஒன்றையும் ஆனைமலையில் திரியும் சோலைமந்தி ஒன்றையும் அருகருகே நிறுத்தினாலும், எது எந்த மலையைச் சேர்ந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் அதே கரிய உடல், முகத்தைச் சுற்றிச் சாம்பல் வெளுப்பில் சிலிர்த்து நிற்கும் அதே பிடரி, சிங்கவால் குரங்கு என்ற பெயரைப் பெற்றுத்தந்த, நுனியில் சிறு குஞ்சம் கொண்ட அதே வால். 1758இல் லின்னேயஸ் பெயர் சூட்டிய காலத்திலிருந்து அறிவியலும் இவற்றை ஒரே இனமாகவே எண்ணி வந்திருக்கிறது. ஆனால் ஐதராபாத்தின் லாகோன்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த கோவிந்தசாமி உமாபதியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2015இல் வெளியிட்ட மரபியல் ஆய்வு, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள தாய்வழிகளும் தெற்கே உள்ள தாய்வழிகளும் ஏறத்தாழ 21 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை என்று காட்டியது. அதே ஆய்வு, அதே டி.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு இன்னொன்றையும் காட்டியது: ஆனைமலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட துண்டுக் காடுகளில் வாழும் கூட்டங்களிடம், பரந்து தொடரும் காடுகளில் வாழும் கூட்டங்களிடம் காணப்படும் மரபணுப் பன்மை வற்றிப்போயிருக்கிறது. முதல் முடிவு வியப்பைத் தருகிறது, இரண்டாவது கவலையைத் தருகிறது. எனினும் இரண்டும் ஒரே வகை நிகழ்வைப் பற்றியவை. ஒரு குரங்குக் கூட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே, அவற்றால் கடக்க முடியாத ஒரு வெட்டவெளி வந்து விழுந்ததைப் பற்றியவை. ஒரு பிரிவைக் காக்கவேண்டிய செல்வமாகவும் மற்றொரு பிரிவை ஆற்றவேண்டிய புண்ணாகவும் நினைக்க வைப்பது எது என்ற கேள்விக்கு உடனடியாகச் சொல்லத்தக்க விடைகள் பல உண்டு. அவற்றில் எதைச் சொன்னாலும் மனம் முழுதாக அமைதியடைவதில்லை.

இத்தகைய வரலாறு எந்தப் பொருளிலிருந்து படிக்கப்படுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். முப்பது மீட்டர் உயரத்தில், மர உச்சிகள் கைகோத்து நிற்கும் விதானத்தில் வாழும் விலங்கைப் பிடித்து ரத்தம் எடுப்பது அதற்கும் கேடு, எடுப்பவருக்கும் கேடு. ஆகவே காட்டு விலங்கின் மரபணுவைத் தேடுவோர் பெரும்பாலும் அது போடும் எச்சத்தையே நாடுகிறார்கள். கூட்டம் கடந்துபோன மரத்தடியில், ஈரச் சருகின் மீது விழுந்திருக்கும் அந்தச் சிறு கட்டியைக் குனிந்து பார்த்தால் அத்தி விதைகள், வண்டின் உடைந்த சிறகுறை, செரிக்காத பழநார் எல்லாம் தெரியும். அவை எவையும் மரபியலாளருக்கு உரியவை அல்ல. கட்டியின் மேற்பரப்பில் சளிபோலப் பளபளக்கும் மெல்லிய படலத்தில், குடலின் உட்சுவரிலிருந்து உரிந்து வந்த செல்கள் ஒட்டியிருக்கின்றன. அந்தப் படலத்தைச் சுரண்டி எத்தனால் ஊற்றிய குப்பியில் இட்டு மூடிவிட வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் சாணவண்டு உருட்டிப் போய்விடும், அல்லது மழை கரைத்துவிடும். ஆய்வகத்தில் அந்தக் குப்பியிலிருந்து கிடைப்பதில் பெரும்பகுதி குடல் பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.யும் தின்ற உணவின் டி.என்.ஏ.யுமே. குரங்கினுடையது மிகச் சொற்பம், அதுவும் உடைந்து சிதைந்தது. செல்லின் உட்கருவில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு படிகளே உள்ளன. ஆனால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் தமக்கென்று தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் வைத்திருக்கின்றன, அது ஒரே செல்லில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் படிகளாகக் கிடக்கிறது. எனவே சிதைவிலிருந்து மீட்பதற்கு எளிது. ஏறத்தாழ 16,500 எழுத்து நீளமுள்ள அந்த வளையத்தில் சுமார் 900 எழுத்துகளைப் படித்தே மேற்சொன்ன இரு முடிவுகளும் எட்டப்பட்டன. உட்கருவில் இருக்கும் எழுத்துகளோ 300 கோடியை ஒட்டியவை. இந்த விகிதத்தைச் சொல்வது ஆய்வைக் குறைத்து மதிப்பதற்காக இல்லை. இத்தனை சிறிய, அழுகும் பொருளிலிருந்து இத்தனை நீண்ட காலத்தை மீட்டெடுத்தது மனித அறிவின் பெருமைகளில் ஒன்று. ஆயினும் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குச் செல்வது. தகப்பன் அதில் இல்லை. இந்த ஒரு செய்தியைக் கட்டுரை நெடுகிலும் மறக்காமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

பிரிவு இந்த விலங்குக்குப் புதிதன்று. சோலைமந்தி வாழும் காட்டின் ஓரங்களிலேயே நாட்டுக்குரங்கும் வாழ்கிறது, சில இடங்களில் இரண்டும் ஒரே அத்தி மரத்தில் பழம் பறிக்கின்றன. அவ்வளவு அருகில் இருந்தும் நாட்டுக்குரங்கு அதற்குத் தூரத்து உறவே. அது இலங்கைச் செங்குரங்கும் இமயத்தை ஒட்டிய அசாம் குரங்கும் சேர்ந்த வேறொரு குழுவைச் சார்ந்தது. சோலைமந்தியின் நெருங்கிய உறவுகளான பன்றிவால் குரங்குகள் பிரம்மபுத்திராவுக்குத் தெற்கிலும், பர்மாவிலும், மலாயாவிலும், சுமத்ராவிலும், போர்னியோவிலும் இருக்கின்றன. சுலவேசித் தீவின் குரங்குகளும் அதே குழுவைச் சேர்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அந்தக் காடுகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வறண்ட தக்காணமும் கங்கைச் சமவெளியும் கடலும் கிடக்கின்றன, அந்த வெளியில் இக்குழுவின் குரங்கு ஒன்றுகூட இல்லை. மக்காக் என்று அழைக்கப்படும் இந்தக் குரங்குப் பேரினம் ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வந்து பரவியது. அதன் மூத்த கிளையான பார்பரிக் குரங்கு இன்றும் மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் எஞ்சியிருக்கிறது. ஆசியாவுக்குள் முதலில் விரிந்தவை சோலைமந்தியின் முன்னோரை உள்ளடக்கிய குழுவினவாக இருக்கலாம் என்றும், இந்தியாவின் ஊடே ஈரக்காடு இன்றைவிட அகன்று தொடர்ந்திருந்த காலத்தில் அவை பரவி, பின்பு காடு வற்றியபோது மேற்கு ஓரத்து மலைகளில் ஒதுங்கியவையே சோலைமந்தி ஆயின என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் சோலைமந்தி என்ற இனமே ஒரு பிரிவின் குழந்தை. இங்கே இலங்கையை எண்ணாமல் இருக்க முடிவதில்லை. பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து பாக் நீரிணை பலமுறை தரையாகக் கிடந்திருக்கிறது. சிங்கராஜ வனத்தில் மழைக்காடும் உண்டு. ஆனாலும் அங்கே சோலைமந்தி இல்லை. நிலம் இணைந்திருந்தது, காடு இணைந்திருக்கவில்லை என்பதே இதற்குச் சொல்லத்தக்க காரணம். மரத்திலேயே பிறந்து மரத்திலேயே உண்டு உறங்கும் ஒரு விலங்குக்கு வறண்ட முட்புதர் வெளி கடலைப் போலவே கடக்க அரியது.

பாலக்காட்டுக் கணவாயிலும் இதே கதைதான் நடந்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீளத்தில் மிகப் பெரிய உடைவு அது. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டி எழுந்து நிற்க, நடுவே முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகலமான தாழ்நிலம். ஆனி, ஆடியில் அரபிக்கடலின் ஈரக்காற்று அதன் வழியே பீறிட்டுப் பொள்ளாச்சித் தென்னைகளைச் சாய்த்துக்கொண்டு போகும்; கோடையில் அதே வழியில் அனல் வீசும். கணவாயின் அடிப்பாறைகளில் தெரியும் சிதைவு மண்டலம் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. குரங்கு என்ற விலங்கே உலகில் தோன்றாத காலத்தில் உருவான நிலம், 21 லட்சம் ஆண்டுகளுக்கு முன் திடீரென்று குரங்குகளைப் பிரிக்கத் தொடங்கியது என்றால், பிரித்தது நிலத்தின் அமைப்பு மட்டுமாக இருக்க முடியாது. பனியூழி என்று சொல்லப்படும் பிளைஸ்டோசீன் காலம் தொடங்கி 25.8 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன; உலகம் குளிர்ந்து உறைந்தபோதெல்லாம் தென்மேற்குப் பருவமழை நலிந்தது, மழைக்காடு தாழ்நிலத்தை விட்டு மலைமேல் ஏறிக்கொண்டது. கணவாய் ஒரு காலத்தில் விதானம் மூடிய வழியாக இருந்து, மழை குறைந்தபோது புல்லும் முள்ளும் நிறைந்த வெளியாக மாறியிருக்கலாம். பிறகு மழை திரும்பியபோது ஓரளவு காடு மீண்டும் இருபுறமும் கை நீட்டியிருக்கவும் கூடும். இந்தத் திறப்பும் மூடலும் எத்தனை முறை நிகழ்ந்தன என்பதைத் தாய்வழி டி.என்.ஏ. சொல்வதில்லை. அது சொல்வது, இன்று வடக்கில் வாழும் தாய்களையும் தெற்கில் வாழும் தாய்களையும் பின்னோக்கித் தேடிப்போனால் பொதுவான ஒரு பாட்டியைக் காண அத்தனை லட்சம் ஆண்டுகள் நடக்க வேண்டும் என்பதைத்தான். அந்த ஆண்டுக் கணக்குகூட மூலக்கூறுக் கடிகாரம் என்ற முறையால் கிடைப்பது. டி.என்.ஏ.யில் எழுத்துப் பிழைகள் ஏறத்தாழச் சீரான வேகத்தில் சேர்கின்றன என்று கொண்டு, வயது தெரிந்த புதைபடிவங்களோடு அந்த வேகத்தை ஒப்பிட்டு அளவு பிடித்து, இரு கிளைகளுக்கு இடையே உள்ள வேற்றுமைகளை ஆண்டுகளாக மாற்றுகிறார்கள். வேகம் சற்றுப் பிசகினால் லட்சக்கணக்கான ஆண்டுகள் முன்னோ பின்னோ நகரும். நகர்ந்தாலும் பிரிவின் ஆழம் ஆழம்தான். அச்சில் வரும் ஒற்றை எண் தரும் துல்லியத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது.

தாய்வழி என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சோலைமந்திக் கூட்டத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. வளர்ந்த ஆண்களே விலகிப் போய் வேறு கூட்டத்தைத் தேடுகின்றன. பெரும்பாலும் வயதுவந்த ஓர் ஆணும் பல பெண்களும் குட்டிகளுமாகப் பத்து முதல் இருபது வரை கொண்டதே ஒரு கூட்டம். மண்ணோடு ஒட்டிக்கிடக்கும் பாலினத்தின் வழியாக வரும் சான்று, மண்ணின் பிரிவுகளை மிகைப்படுத்திக் காட்டும் இயல்புடையது. கணவாயைப் பெண்கள் கடக்கவில்லை. ஏதோ ஓர் ஈர நூற்றாண்டில் ஓர் ஆண் கடந்திருந்தால், அதன் மரபு உட்கரு டி.என்.ஏ.யில் பதிந்திருக்கலாம், மைட்டோகாண்ட்ரியாவில் சுவடே இருக்காது. மக்காக் குரங்குகளின் வரலாறு இந்த ஐயத்துக்கு இடம் தருகிறது. 12 இனங்களின் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2023இல் வெளியான ஓர் ஆய்வு, தென்கிழக்காசியாவின் நீளவால் குரங்கு உள்ளிட்ட ஒரு முழுக் குழுவே, சோலைமந்தியின் குழுவும் நாட்டுக்குரங்கின் குழுவும் சுமார் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கலந்ததால் பிறந்தது என்று கண்டது. பிரிந்து தனித்தனி வழி போன இரு கிளைகள் மீண்டும் கூடி மூன்றாவதைப் பெற்றெடுத்திருக்கின்றன. பரிணாமத்தை மரமாக வரைந்து பழகிய மனதுக்கு இது எளிதில் ஏறுவதில்லை. பன்மை வற்றுவது பற்றியும் இதுபோல நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நீலகிரியிலும் அதைச் சூழ்ந்த காடுகளிலும் வாழும் யானைகள் ஆசிய யானையின் மிகப் பெரிய தொகுதிகளுள் ஒன்று. 2005இல் வெளியான ஆய்வு அந்தத் தொகுதியில் ஒரே ஒரு தாய்வழி மைட்டோகாண்ட்ரிய வகையை மட்டுமே கண்டது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள யானைகளிடமிருந்து அவை மரபால் வேறுபட்டவை என்றும் அதே ஆய்வு காட்டியது. ஆயிரக்கணக்கில் வாழ்ந்து பெருகும் ஒரு தொகுதிக்கும் தாய்வழி ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே ஆனைமலைத் துண்டுக் காடுகளில் மைட்டோகாண்ட்ரியப் பன்மை குறைந்திருப்பதைக் கண்டவுடன் அழிவு உறுதி என்று எழுதிவிடுவது அவசரமாகும். அதைக் கண்டும் ஒன்றுமில்லை என்று கடந்துபோவது அதைவிடப் பெரிய தவறு. நீலகிரி யானைக்கு நடக்கக் காடு இருக்கிறது. ஆனைமலைத் துண்டுக் காடுகளில் ஒன்றான புதுத்தோட்டத்தின் சோலைமந்திக்கு அது இல்லை.

ஆனைமலையில் உள்ள வால்பாறை மேட்டுநிலத்தில் 1890களில் தொடங்கிக் காடு வெட்டித் தேயிலையும் காப்பியும் நடப்பட்டன. சரிவு சரிவாக விதானம் போய், இடுப்பளவு உயரத்துக்குக் கத்தரித்த தேயிலைப் புதர்களும் அவற்றினிடையே நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களும் வந்தன. எட்டாத பள்ளங்களிலும் ஓடைக் கரைகளிலும் மட்டும் மழைக்காடு துண்டு துண்டாக மிஞ்சியது. ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான புதுத்தோட்டத்துக் காட்டில் நூற்றைத் தாண்டிய சோலைமந்திகள் வாழ்கின்றன. எண்ணிக்கையைக் கேட்டால் மகிழத் தோன்றும். நேரில் பார்த்தால் அவை வால்பாறைச் சாலையைத் தரையில் நடந்து கடக்கின்றன, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் கூரைமேல் ஏறுகின்றன, குப்பையைக் கிளறுகின்றன. வண்டியில் அடிபட்டுச் சாவதைத் தவிர்க்கச் சாலைக்கு மேலே மரக்கிளைகளை இணைத்துத் தொங்குபாலங்கள் கட்டப்பட்டிருக்கின்றன, பழகிய கூட்டங்கள் அவற்றின்மேல் போய்வருகின்றன. மனிதக் குடியிருப்பை ஒட்டிய துண்டுக் காடுகளில் வாழும் சோலைமந்திகளின் குடலில் ஒட்டுண்ணிகள் கூடுதலாக இருப்பதையும் ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இந்த விலங்கின் பெண் ஆறு வயதுக்கு மேலேதான் முதற்குட்டி ஈனுகிறது, அடுத்த குட்டிக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தலைமுறைக்குப் பத்துப் பதின்மூன்று ஆண்டுகள் என்று கொண்டால், தேயிலை வந்த பின் கடந்திருப்பவை பத்துத் தலைமுறைகளை ஒட்டியவையே; கணவாய் பிரித்த பின் கடந்தவையோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இரு பிரிவுகளுக்கும் உள்ள வேற்றுமையை இந்தக் கணக்கில் தேடலாம். டி.என்.ஏ.யில் புதிய எழுத்துகள் மிக மெதுவாகச் சேர்கின்றன, பழைய எழுத்துகள் மிக விரைவாகத் தொலைகின்றன. சிறு கூட்டத்தில் எந்தத் தாய்க்குப் பெண்குட்டி தங்கியது, எந்தத் தாய்க்குத் தங்கவில்லை என்ற தற்செயலே எந்த வகை மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கிறது. மரபணு நகர்வு என்று இதைச் சொல்வார்கள். மேலும், தனித்த சிறு காட்டில் பிறந்த ஆண் போவதற்கு வேறு கூட்டம் இல்லாதபோது உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழ்ந்து, மறைந்து கிடந்த தீய மரபணுக்கள் இரட்டையாகச் சேர்ந்து வெளிப்படும் வாய்ப்பும் கூடுகிறது. பத்துத் தலைமுறைப் பிரிவு இழக்க மட்டுமே வல்லது; ஒன்றரை லட்சம் தலைமுறைப் பிரிவுக்கு இழந்ததை வேறுவிதமாக ஈட்டிக்கொள்ளவும் அவகாசம் இருந்தது.

இந்த விடையிலும் ஓர் இடறல் இருக்கிறது. கணவாயின் பிரிவுக்கும் ஒரு முதல் பத்துத் தலைமுறை இருந்திருக்குமே? காடு வற்றத் தொடங்கிய அந்தத் தொடக்கத்தில் வடகரையிலும் தென்கரையிலும் ஒதுங்கிய கூட்டங்களும் இழந்துகொண்டுதான் இருந்திருக்கும். அன்று யாரேனும் அவற்றின் எச்சத்தைக் குப்பியில் எடுத்துப் படித்திருந்தால், இன்று ஆனைமலைத் துண்டுக் காடுகளைப் பற்றி எழுதப்படும் அதே சொற்களையே எழுதியிருப்பார். ஒரு புதிய கிளை தோன்றும் தொடக்கமும் ஓர் இனம் அழியும் தொடக்கமும் முதல் நூறு ஆண்டுகளில் ஒன்றுபோலவே தோற்றம் தருகின்றன. அத்துடன், கணவாயைப் பற்றிய சான்று பிழைத்தவற்றின் சான்று மட்டுமே. வறட்சி ஏறிய காலங்களில் இரு பெரிய கூட்டங்கள் மட்டும் ஒழுங்காகப் பிரிந்து நின்றன என்று நம்ப ஆதாரமில்லை; சிறு சிறு குன்றுகளிலும் ஆற்றோரக் காடுகளிலும் எத்தனையோ கூட்டங்கள் சிக்கியிருக்கலாம், அவற்றில் ஒவ்வொன்றும் சில நூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்து மறைந்திருக்கலாம். மறைந்தவற்றின் தாய்வழி இன்று எந்தக் குப்பியிலும் வந்து சேராது. உயிர்மரம் என்று வரையப்படும் படத்தில் பட்டுப்போன கிளைகள் இடம்பெறுவதில்லை, ஆகவே பிரிவு எப்போதும் படைப்பாகவே தோன்றுகிறது. பிரிவு இயற்கையானது, பனியூழியும் இதைத்தானே செய்தது, தேயிலையும் இன்னொரு பனியூழிதான் என்று சொல்லத் துணிபவர்களுக்கு இந்த மறைவுகளே மறுமொழி. பனியூழியின் பிரிவில் இருபுறமும் பெருமலைகள் முழுக்கக் காடு இருந்தது. தப்பியவை அதனால் தப்பின. ஓர் எஸ்டேட்டின் நடுவே ஒரு சதுர கிலோமீட்டரில் தப்பிப்பதற்கு எந்த முன்னுதாரணமும் இல்லை.

இவையெல்லாம் நடைமுறையில் ஒரு கூர்மையான முடிவில் வந்து முட்டுகின்றன. உலகில் இன்று காட்டில் வாழும் சோலைமந்திகள் 4,000ஐத் தாண்டாது என்பது மதிப்பீடு. கணவாயின் இருபுறத்துத் தாய்வழிகளும் இவ்வளவு ஆழமாகப் பிரிந்தவை என்றால், இருபுறத்தையும் தனித்தனிப் பாதுகாப்பு அலகுகளாகக் கருதி, ஒன்றில் குறைந்ததை மற்றதிலிருந்து நிரப்பாமல் இருப்பதே முறை என்று தோன்றும். விலங்குக்காட்சிச் சாலைகளில் பிறந்து வளர்ந்த சோலைமந்திகள் பலவற்றின் மூதாதையர் எந்த மலையிலிருந்து வந்தவை என்ற பதிவே இல்லை. அவற்றை இணைசேர்க்கும் முன் மரபணுவைப் பார்த்துக்கொள்வது எளிது, அதைச் செய்வதில் தயக்கத்துக்கு இடமில்லை. ஆனைமலையின் துண்டுக் காடுகளைப் பொறுத்தவரை தயக்கம் மறுபக்கம் திரும்புகிறது. அங்கே பிரிவைக் குலைப்பதே கடமை; காட்டுத் துண்டுகளுக்கு நடுவே நாட்டு மரங்களை நட்டு விதானத்தை இணைப்பதும், தேவைப்பட்டால் ஓர் ஆணை ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குக் கொண்டுபோய் விடுவதும் சரி. 1995இல் புளோரிடாவில் வாலும் இதயமும் ஊனப்பட்டு அழிந்துகொண்டிருந்த பியூமாக்களின் நடுவே டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பியூமாக்களைக் கொண்டுவந்து விட்டபின் அந்தத் தொகுதி மீண்டது. அங்கும் வேற்றுமையைக் காக்கவேண்டும் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். வேற்றுமையைச் சுமப்பதற்கு உயிர் மிஞ்சியிருக்க வேண்டும் என்ற எண்ணமே வென்றது. சோலைமந்திக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. ஆனைமலையிலும், களக்காட்டிலிருந்து அகத்தியமலை வரையிலும், கணவாய்க்கு வடக்கேயும் போதிய தாய்கள் இன்னும் இருக்கின்றன. ஆகவே கணவாயைக் கணவாயாக விட்டுவிட்டுத் தேயிலையின் இடைவெளியை மட்டும் அடைப்பதே இன்றைக்கு நியாயம். இதைச் சொல்லும்போதே, உட்கருவின் 300 கோடி எழுத்துகளும் கணவாயின் இருபுறத்திலிருந்தும் முழுதாகப் படிக்கப்படும் நாளில் ஆண்களின் வரலாறு வேறாக இருந்துவிட்டால் இந்த நியாயமும் மாற வேண்டியிருக்கும் என்ற நினைவு கூடவே வருகிறது.

தாய்வழி என்பதை மைட்டோகாண்ட்ரியாவோடு நிறுத்திக்கொள்வதும் போதாது. தெற்கத்திய சோலைமந்தியின் ஆண்டுச் சுழற்சி பெருமளவு வெடிபலா மரத்தைச் சார்ந்தது. அதன் தண்டிலும் கிளையிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கும் பூவைத் தின்பதும், முள்ளடர்ந்த காயை விரல் நோகாமல் பிளந்து உள்ளிருக்கும் பருப்பை எடுப்பதும் குட்டி தாயின் மார்பில் தொங்கிக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கற்பது. கன்னத்துப் பைகளில் உணவை அடைத்துக்கொண்டு வேறு கிளைக்குப் போய் நிதானமாகத் தின்பதால் வழியெங்கும் விதைகளும் சிந்துகின்றன. இனத்தின் வடஎல்லையான கர்நாடகத்தின் சிர்சி, ஹொன்னாவர் காடுகளில் வெடிபலா இல்லை. அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் பலாவையும் அத்தியையும் கூந்தல்பனையையும் நம்பி வாழ்கின்றன, அவற்றைக் காக்கவே அகநாசினிப் பகுதியில் காட்டின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. வடக்குக்கும் தெற்குக்கும் உள்ள வேற்றுமையில் எவ்வளவு எழுத்தில் இருக்கிறது, எவ்வளவு தாய்கள் கற்றுக்கொடுத்த மரங்களின் பட்டியலில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல எந்தக் குப்பியாலும் ஆகாது. புதுத்தோட்டத்தில் இன்று பிறக்கும் குட்டி கற்கும் பட்டியல் வேறு. அதில் காப்பிப் பழம் இருக்கிறது, கொய்யா இருக்கிறது, லைன் வீட்டுச் சமையலறையின் ஜன்னல் இருக்கிறது, சாலையில் வண்டி வராத நேரம் இருக்கிறது. அந்தக் கூட்டத்து ஆணொன்றைப் பெருங்காட்டில் கொண்டுபோய் விட்டால் அதன் மரபணு அங்குள்ள குட்டிகளில் கலக்கும்; அதற்கு முன் அந்த ஆண், இதுவரை தின்று அறியாத மரங்களை, அவற்றைத் தாயிடமே கற்ற பெண்களின் பின்னால் போய், ஒவ்வொன்றாகத் தின்று பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.